ரேணுகா சொன்ன விலை

ஜூன் 1, திங்கள்

காலை 9.35. போன் வந்தது. மழை. வாசலில் கேபிள் காயப்போட முடியாமல் உள்ளே கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணப் பெண்ணின் அப்பா. இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், ரேணுகா பிறந்த, நான் பெண் எடுத்த தோட்டம். அங்கே தொழிற்சங்கத் தலைவர். எல்லாரும் தலைவர் என்றே கூப்பிடுவதால் அவருடைய சொந்தப் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில்தான் பார்த்தேன்.

டீஜே, சவுண்ட், லைட் எல்லாம் சேர்த்துப் பேசியது எழுபதாயிரம். முடியாதாம். முப்பத்தைந்து தருவாராம். நல்லதண்ணியில் ஒருவன் இருபத்தைந்துக்கே வருகிறானாம், சிவனொளிபாதமலை சீசன் முடிந்து பாக்ஸ் எல்லாம் சும்மா கிடக்கிறதாம். நம்ம தோட்டத்து மாப்பிள்ளை என்று எனக்குப் பத்து கூட்டித் தருகிறாராம். கூட்டி.

பெப்ரவரியிலேயே பேசி முடித்த விலை அது என்றேன்.

"அது ரேணுகா சொன்ன வெல மாப்ள. அந்தப் புள்ள இருக்கப்ப பேசுனது. இப்ப அது இல்லையே."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். 9.41.

அவள் போய் இன்றோடு 46 நாள். அன்றைக்கும் மணி பார்த்தேன். மதியம் 1.20. தலைவலி என்று படுத்தவள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். இருபத்தெட்டு வயது. அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர் பார்த்துப் பழகிய கண்.

ஒன்றரை மாதமாக உள்ளே ஒன்றும் இல்லை. அழுகை இல்லை. பசி இல்லை. இன்றைக்குக் கோபம் வந்தது. வந்ததே ஆச்சரியம். சோறு ஆக்கித் தின்றேன்.

வாங்க: இன்சுலேஷன் டேப் 4, ஃபியூஸ், சீனி, நெருப்புப்பெட்டி.

ஜூன் 2, செவ்வாய்

மழை விடவில்லை. நானுஓயா ஸ்டேஷன் பக்கம் மேகம் தரைக்கே இறங்கிவிட்டது. ரயில் சத்தம் மட்டும் கேட்டது.

மிக்ஸர் பெட்டிக்குள் 40 வாட் பல்பு போட்டு மூடி வைத்தேன். இந்த மாதத்தில் இரண்டு நாள் விட்டால் ஈரம் ஏறி, ஃபேடரைத் தள்ளும்போது கரகர என்னும். கரண்டுக்குக் காசு யார் தருகிறார்கள். இதையெல்லாம் யாரிடம் சொல்வது.

வாசல் விளம்பரப் போர்டில் இருப்பது ரேணுகாவின் நம்பர். அந்த சிம் இப்போது என் போனில். இன்று இரண்டு அழைப்பு.

ஒன்று, பிறந்தநாள். "மிஸ் இல்லீங்களா?" இல்லை என்றேன். எப்போது வருவார்கள் என்று கேட்டார். வைத்துவிட்டேன்.

இன்னொருவர்: "பாட்டெல்லாம் எங்க போன்லயே இருக்குங்க. நீங்க பாக்ஸ மட்டும் கொண்டாந்து வச்சிட்டுப் போங்க. அதுக்கு என்ன எடுப்பீங்க?" இதே ஆள் சமையல்காரரிடம் அரிசி எங்களிடமே இருக்கிறது, அடுப்பை மட்டும் வைத்துவிட்டுப் போ என்பாரா.

கல்யாணமான புதிதில் எனக்கு விலை சொல்லத் தெரியாது. டெக்னிக்கல் காலேஜில் ஆம்பிளிஃபையரைப் பிரித்துப் போட்டுச் சேர்க்கச் சொல்லித் தந்தார்கள். அதற்கு எவ்வளவு கேட்பது என்று சொல்லித் தரவில்லை. "பார்த்துக் குடுங்க" என்பேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்த்து எட்டாயிரம் கொடுத்தார்கள். ஒரு சடங்கு வீட்டில் எட்டாயிரமும் ஒரு சோற்றுப் பார்சலும்.

அந்தப் பார்சலை ரேணுகாதான் பிரித்தாள். முன்பள்ளி மிஸ். பிள்ளைகளுடைய பழைய கொப்பி ஒன்றை எடுத்து உட்கார்ந்தாள். எத்தனை மணிக்குச் சாமான் ஏற்றினாய், வேன் எவ்வளவு, எத்தனை மணி நேரம் நின்றாய், திரும்பி வந்து கேபிளில் சேறு கழுவ எவ்வளவு நேரம், போன வருடம் எரிந்த ஸ்பீக்கர் என்ன விலை. எல்லாம் கேட்டாள். கூட்டி வகுத்துப் பார்த்துவிட்டுக் கொப்பியை என் பக்கம் திருப்பினாள். கொழுந்து எடுக்கப் போயிருந்தால் அன்றைக்கு, செலவு போக மிஞ்சியதைவிடக் கூடக் கிடைத்திருக்கும்.

"இனிமே நீங்க பாட்டப் பாருங்க. வெலய நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு வருடம் நான் எவரிடமும் ஒரு தொகையும் சொன்னதில்லை. எனக்குத் தடை. மிஸ்ஸிடம் பேரம் பேச முடியாது என்று வெளியே பேச்சு. ஆனாலும் கூப்பிட்டார்கள்.

ஐந்து மணி நேரம் பாட்டுப் போடுவதற்கு இவ்வளவா என்கிறார்கள். போன வருடம் ஒரு கல்யாணத்தில் நாற்காலிக்காக இரண்டு வீட்டாரும் நெஞ்சில் கை வைத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். பாட்டைச் சட்டென்று நிறுத்தாமல் மெதுவாக இறக்கி, மைக்கில், ஐஸ்கிரீம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், முந்துகிறவர்களுக்குத்தான் என்றேன். மண்டபம் காலி. அடிதடி நின்றது. ஐஸ்கிரீம் அரைமணி கழித்துத்தான் வந்தது. அதற்கு நான் தனியாகக் காசு கேட்கவில்லை.

தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று தட்டுக் கேக். கண்டியிலிருந்து ட்ரோன் கேமரா. ட்ரோன்காரனிடம் ஒரு ரூபாய் பேரம் இல்லையாம், கேட்டதைக் கொடுத்தார்களாம். மேலே பறக்கிறவனிடம் பேசமாட்டார்கள். கீழே நிற்கிறவன்தான் கிடைத்தான்.

இடது முழங்கால் வலி.

ஜூன் 3, புதன்

மண்டபம் பார்க்கப் போனேன். இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனாலும் போனேன். கரண்டு பார்க்காமல் எந்த மண்டபத்துக்கும் சாமான் ஏற்றுவதில்லை. பழக்கம். நுவரெலியாவில் பஸ் மாறி, சந்தியில் இறங்கி மேலே நடை. அந்த வழியில் வேன் ஏறாது. சாமான் கொழுந்து ட்ராக்டரில்தான் போகவேண்டும்.

பெப்ரவரியில் இதே வழியில் இரண்டு பேராக வந்தோம். ரேணுகாவின் அம்மா, என் அத்தை, அவள் வீட்டு வாசலில் வைத்துத்தான் தலைவர் கேட்டார். ரேணுகா எழுபது என்றாள். அவர், "சரி புள்ள. செஞ்சிருவோம்." நான் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சொந்தத் தோட்டம் என்று அட்வான்ஸ் வாங்கவில்லை. அட்வான்ஸ் வாங்காமல் அவள் ஒத்துக்கொண்ட ஒரே வேலை.

பகல் 2.10: 214 வோல்ட்.
பாக்டரியில் விசிறி போட்டதும்: 178. ஜெனரேட்டர் வேண்டும்.

பிறகு எர்த். கொண்டுபோன சின்ன மிக்ஸரைச் சொருகி அதன் உடம்பை அளந்தேன். 90 வோல்ட். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் எர்த் வயர் எங்கேயுமே போகவில்லை. சுவருக்குள் வந்து சும்மா நிற்கிறது. மந்திரம் சொல்லும்போது ஐயர் மைக்கில் உதடு வைத்திருந்தால் சுளீர் என்று அடித்திருக்கும். நல்லதண்ணிக்காரன் இதைப் பார்ப்பானா. பார்க்கமாட்டான். அவனிடம் மீட்டரே இல்லை.

பின்பக்க ஈர மண்ணில் செப்புக் கம்பி இறக்கினேன். கம்பி என்னுடையது. ஒரு மணி நேரம். மழையில்.

தலைவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். தேத்தண்ணி கொண்டுவந்தார், நன்றாக இருந்தது. குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார். அத்தை சுகமா என்று கேட்டேன், வேலைக்கு ஒழுங்காக வருகிறாள் என்றார். அத்தைக்குப் பத்திரிகை வைக்கவில்லை. துக்க வீடாம்.

பிறகு மெதுவாக ஆரம்பித்தார். மனிதருக்குக் கத்தவே தெரியாது.

"வீட்டுல ஒரு வார்த்த சொன்னாங்க மாப்ள. ஒங்களுக்கு வருஷம் திரும்பல பாருங்க. தாலி கட்டுற வரைக்கும் மேடப் பக்கம் வராம, பின்னால நின்னு செஞ்சிட்டா நல்லது. மனசுல வச்சுக்காதீங்க."

மைக் பிடித்துப் பேச மச்சான் ஒருவர் இருக்கிறாராம். ஆக எனக்கு வேலையும் குறைகிறதாம். வேலை குறைந்தால் காசும் குறைவது நியாயந்தானேயாம். தீட்டு எனக்கு, கழிவு அவருக்கு.

அதோடு விட்டிருக்கலாம்.

"ஒங்களுக்கும் இப்ப ஒத்த வயிறுதானே. என்னா பெரிய செலவு?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. என் பெண்டாட்டி செத்தது இவருக்கு ஒரு டிஸ்கவுண்ட்.

கையில் சுத்தியல். கம்பி இன்னும் அரை அடி இறங்கவேண்டும். நான் சொன்னது:

"சரிங்க தலைவரே. பார்த்துக் குடுங்க."

நான்கு வருடமாக வாயில் இல்லாத சொல். யாரும் கேட்காமல் தானாக வந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. தோள் முழுக்க நனைந்தது. மூடவேண்டும் என்று தோன்றவில்லை.

ஜூன் 4, வியாழன்

மழை. பாட்டு அடுக்கினேன், 140. ஒன்றையும் காது கொடுத்துக் கேட்கவில்லை. திரையில் அலையை மட்டும் பார்த்தேன். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது. வெட்டி ஒட்ட அது போதும்.

தலைவர்மேல் கோபமா என்மேல் கோபமா என்று யோசித்தேன். என்மேல்.

அவர் கேட்பார். கேட்கத்தான் செய்வார், பெண்ணைப் பெற்றவர். ரேணுகாவிடமும் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவள் கோபப்படவும் மாட்டாள். "இல்லீங்கய்யா, அதுதான் வெல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். எனக்கு அந்த மூன்று சொல் வரவில்லை. 90 வோல்ட்டைக் கண்டுபிடிக்கத் தெரிகிறது.

அவள் செருப்பு இன்னும் வாசலில் இருக்கிறது. மழை படாமல் உள்ளே எடுத்து வைத்தேன்.

முட்டை தீர்ந்துவிட்டது.

ஜூன் 5, வெள்ளி

காலையில் கொஞ்சம் வெயில். கேபிள் எல்லாவற்றையும் வெளியே போட்டேன். பதினொன்றுக்கு மறுபடி உள்ளே.

மூன்று மணிபோல அத்தை வந்தாள். ரேணுகாவின் அம்மா. அரைநாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கீரை, கொஞ்சம் மாசிச் சம்பல், ஒரு சோப்புக்கட்டி. விரல் இடுக்கெல்லாம் கொழுந்துக் கறை, வெடிப்பு. முகத்தில் சந்தோஷம். மகள் போனதற்குப் பிறகு இப்படிப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை மழையில் இவளுக்கும் இன்னும் ஏழு பேருக்கும் அரைப்பேர் போட்டுவிட்டார்கள். சொன்ன கிலோ வரவில்லை என்றால் சம்பளப் பதிவு எழுதும் செக்ரோலில் அரைப்பேர், அரைநாள் சம்பளம். மழையிலும் மேகத்திலும் எங்கே கொழுந்து வரும். இன்று காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் தலைவர், மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு முன்னால் போய் நின்றாராம். யாரையும் மலைக்கு ஏறவிடவில்லையாம். முக்கால் மணி நேரம். அத்தை எழுந்து நின்று அவரைப் போலவே கையை நீட்டிச் சொல்லிக் காட்டினாள்:

"நாள் முழுக்க மலையில நின்னாளுகளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. நின்னா முழுப்பேரு. மழ பேஞ்சதுக்கு இவளுகளா பொறுப்பு?"

எட்டு பேருக்கும் முழுப்பேர் ஆனது. அவரை மாதிரி ஆள் கிடையாது என்றாள். உண்மை. அந்த மனிதருக்கு நியாயம் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். அதை எனக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். மலையில் நின்றால்தான் ஆள் போலிருக்கிறது. பாக்ஸ் பக்கத்தில் நின்றால் கணக்கில்லை. எனக்கு வந்த கோபத்துக்குத் தேத்தண்ணியில் சீனியை மூன்று தடவை போட்டுவிட்டேன். அத்தை அதையும் குடித்தாள்.

கல்யாணத்துக்கு எவ்வளவு பேசியிருக்கிறீர்கள் என்று அவளாகத்தான் கேட்டாள். சொன்னேன். எழுபது என்றதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். "ஆத்தாடி. எனக்கு ரெண்டு மாசச் சம்பளம் தம்பி அது."

அவளுக்கு ஜெனரேட்டர் கணக்கு சொல்லி என்ன பயன். வேன், ஜெனரேட்டர், ஆள்கூலி போக என்ன மிஞ்சும் என்று கொஞ்சம் சொன்னேன். கேட்டாளா தெரியாது. பிறகு முப்பத்தைந்துக்கு ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். ஒத்த வயிறு என்றதைச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"எழுவதுன்னு சொன்னது அவளா?"

"ஆமா அத்த."

"அப்ப நீங்க என்னாத்துக்குக் கொறச்சீங்க?"

ஸ்டேஷன்வரை கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் எடுக்கும்போது ஜன்னல் வழியாக, "நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றாள்.

ஜூன் 6, சனி

விட்டு விட்டு மழை. காலையிலேயே பாக்ஸ் நான்கு, ஆம்ப் இரண்டு, லைட், ஸ்டாண்ட், மிக்ஸர் எல்லாம் தார்ப்பாயில் சுற்றிக் கட்டினேன். இன்றைக்கே கொண்டுபோக முடியாது, ட்ராக்டர் மாலைவரை கொழுந்துக்கு ஓடும். வேன்காரர், நாளைக்கு உண்டா இல்லையா என்றார். விடிய நாலரைக்கு வாங்க என்றேன். உண்டு என்று சொல்லவில்லை.

போனை எடுத்து எடுத்து வைத்தேன். ஆறு தடவை. பிறகு சொல்லவேண்டியதை எழுதி வைத்துக்கொண்டேன். எழுதியதைப் பார்த்து வாசிப்பதில் வெட்கம் இல்லை.

மாலை 4.15. கூப்பிட்டேன். பின்னால் ஒரே சத்தம், பெண்கள் சிரிக்கிறார்கள், யாரோ அண்டா இழுக்கிறார்கள். என்ன மாப்ள, எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்றார். புதன்கிழமை நான் சொன்னது தப்பு என்றேன். பார்த்துக் குடுங்க என்று சொல்லியிருக்கக்கூடாது, விலை எழுபது. விடிந்தால் கல்யாணம், இந்த நேரத்தில் விலை பேசுகிறீர்களே என்றார். குரல் மாறவில்லை, ஆனால் பேச்சில் 'மாப்ள' போய்விட்டது.

அதற்குப் பிறகு சொன்னது தாளில் இல்லை.

"வெல பேசலங்க. பேசுன வெலயச் சொல்றேன். சொன்னவ செத்துட்டா. சரின்னு சொன்ன நீங்க இருக்கீங்கதானே."

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. தனியாக எங்கேயோ நடந்து போயிருக்கவேண்டும். இருமினார். நல்லதண்ணிக்காரனை இப்போதுகூடக் கூப்பிடலாம் என்றார். கூப்பிடுங்க, எர்த் அடித்து வைத்திருக்கிறேன், அவனுக்கும் ஷாக் அடிக்காது என்றேன். என் குரல்தான்.

மேடைக்கு வரமாட்டேன், பின்னாலேயே நிற்கிறேன், அது உங்கள் வீட்டு மனசு, அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதற்கு விலை குறைக்கமாட்டேன் என்றும் சொன்னேன். வெள்ளிக்கிழமை பெரட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. "அத்தைக்கு முழுப்பேரு வாங்கிக் குடுத்தீங்களாம். சந்தோஷம் தலைவரே." வேறு சேர்க்கவில்லை. அவருக்குப் புரியும்.

பிறகு, வீட்டில் கலந்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்.

கூப்பிட வேண்டாம் என்றேன். சரி என்றால் விடிய ஐந்தரைக்குச் சந்தியில் ட்ராக்டர் நிற்கட்டும். வேனில் சாமானோடு அங்கே இருப்பேன். நின்றால் ஏற்றுவேன். ஆறுவரை வராவிட்டால் அப்படியே திரும்பிவிடுவேன், மனத்தாங்கல் இல்லை. 4.27க்கு வைத்தேன்.

பொய். மனத்தாங்கல் இருக்கும்.

ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்கி வந்தேன். வேட்டி தேய்த்தேன். பெண்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, சின்னப் பிள்ளை, மாலை மாற்றும்போது போட அவள் கேட்ட பாட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ட்ராக்டர் நிற்காவிட்டால் அந்தப் பாட்டை அங்கே யார் போடுவார்கள் என்று யோசனை வருகிறது. இந்த யோசனைதான் எனக்கு எட்டாயிரம் வாங்கித் தந்தது.

6.05. தலைவர் நம்பர். முழுவதும் அடித்து நின்றது.

6.08. மறுபடி. எடுக்கவில்லை.

சரி என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாரோ என்னவோ. அறுபது என்று சொல்லவும் கூப்பிடலாம். அறுபது என்றால் எனக்கு வாயில் சரி வந்துவிடும். எனக்கு என்னைத் தெரியும். அடித்தால் எடுப்பேன், எடுத்தால் குறைப்பேன்.

6.10. போனை ஆஃப் பண்ணிவிட்டேன்.